அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நில அதிர்வுச் செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'பொதுமக்கள் பீதியடைந்து வீடுகளை விட்டு வெளியே ஓடிவந்தனர்.' ரிக்டர் அளவு மாறும், ஊர்ப்பெயர் மாறும், இந்த வரி மட்டும் மாறாது. ஓடியது சரியா தப்பா என்று அதற்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. அதனால் அதிர்வு வந்தால் ஓட வேண்டும் போலிருக்கிறது என்றுதான் படிக்கிறவர்கள் மனதில் பதிகிறது. நானும் அப்படி ஓடியவள்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி இருக்கும். புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் சுமார் 5.5 அளவில் ஒரு அதிர்வு, சென்னையிலும் நன்றாகவே தெரிந்தது. மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அலமாரியில் எவர்சில்வர் பாத்திரமெல்லாம் கடகடவென்றது, ஃபேன் ஆடியது, அவ்வளவுதான், பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். அந்த வருஷம் ஜனவரியில்தான் குஜராத் நிலநடுக்கத்தை டிவியில் நாள் முழுக்கப் பார்த்திருந்தோம், அந்தப் பயம். பாதிப் படியில்தான் மாமியார் உள்ளே இருக்கிறார் என்ற நினைப்பே வந்தது. திரும்பி ஏற முடியவில்லை, மேலேயிருந்து ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தது, எனக்கு முன்னால் போனவர் இருட்டில் கால் தவறி விழுந்தார். கீழே வந்து நாங்கள் எல்லோரும் நின்ற இடம் எது தெரியுமா, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில். மேலே போய்ப் பார்த்தால் மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "அடுப்புல பால் இருந்தது, அணைச்சேன். சாமி விளக்கைக் குளிர வெச்சேன். வேற என்ன செய்யறது?" என்றார். கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தார், நியாயம்தான்.

அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் ஒரு விரிசல்கூட விழவில்லை. படியில் விழுந்தவருக்குக் கணுக்கால் பிசகியது, அவ்வளவுதான் சேதம், அதுவும் ஓடியதால் வந்தது.

மாடியில் இருப்பவர்கள் ஆட்டம் நிற்கும்வரை இறங்கக் கூடாது. நீங்கள் செருப்பைத் தேடிக் கதவைத் திறந்து படிக்கு வருவதற்குள் பெரும்பாலும் அது முடிந்தே போயிருக்கும், முடியவில்லை என்றால் ஆட்டம் பலமாக இருக்கும் நேரத்தில் படியில் இருப்பீர்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். உறுதியான மேசை இருந்தால் அதன் அடியில் குனிந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் (மேசையின் காலை!), அது நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். மேசை இல்லாத வீட்டில் ஜன்னலை விட்டுத் தள்ளி, உள்சுவர் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்து தலையையும் பிடரியையும் கையால் மூடிக்கொள்ளலாம். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலைமேல் தலையணையை வைத்துக்கொள்வது நல்லது. தரைத்தளத்தில், அதுவும் மண் வைத்துக் கட்டிய பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு, இரண்டே எட்டில் திறந்தவெளி இருந்தால் அவர்கள் வெளியே போய்விடலாம். 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் அதிகாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது மண்ணும் கல்லுமாகக் கட்டிய கனமான சுவர்கள்தான். அதுவரை வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த பகுதி! சென்னையையும் 2002இல்தான் நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு (எண் கூடினால் ஆபத்தும் கூடும்) மாற்றினார்கள், இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அதிர்வுக்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். மாமியார் உட்கார்ந்திருந்த அந்தக் கட்டில் இருந்தது பீரோவுக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே பரண். பரணில் பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, பழைய அம்மிக்குழவி. நம் வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும். 1995இல் ஜப்பானின் கோபேயில் விடியும் முன் நிலநடுக்கம் வந்தபோது வீட்டோடு அமுங்கியவர்கள் போக, அலமாரி மேலே சாய்ந்தே மாட்டிக்கொண்டவர்களும் நிறைய. அதற்குப் பிறகு அங்கே அலமாரியைச் சுவரோடு பிணைக்கச் சொல்லி விடாமல் பிரசாரம் செய்கிறார்கள். இங்கே நான் பீரோவுக்கு எல் வடிவ கிளாம்ப் போடச் சொன்னபோது தச்சர் சிரித்தார். "எதுக்கும்மா, பீரோ என்ன ஓடியா போகப்போவுது?" இரண்டு கிளாம்ப், நான்கு திருகு, அரைமணி நேர வேலை. அண்டாவை இறக்கித் தரையில் வைத்தாயிற்று. கட்டிலை நகர்த்தியாயிற்று.

கிரில் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கேயோ மாட்டிவிட்டுத் தூங்குகிறோமே, அந்தச் சாவிக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆணி வேண்டும். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும், உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆட்டம் நின்றதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லை என்றால் மெயினை அணைத்துவிட்டு இறங்கலாம். கோபேயில் மறுபடி கரண்ட் வந்த பிறகு பற்றிய தீயே பல. இறங்கிய பிறகு சன்ஷேடு, அதன்மேல் துளசித் தொட்டி, ஏசி அவுட்டோர் யூனிட் எதற்கும் கீழே நிற்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் கரையை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு லேசாக ஆடியதைச் சென்னையில் பலர் உணர்ந்தார்கள், அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கழித்து.

ஃப்ளாட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வாசல் கிழக்கா, சமையலறை அக்னி மூலையா என்று கேட்கிறோம், கீழே கார் நிறுத்த விட்ட தளத்தில் தூண்களுக்கு என்ன பலம் என்று கேட்பதில்லை. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் புஜ்ஜிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல, கீழ்த்தளத்தில் சுவர் இல்லாமல் தூண் மட்டும் நின்றவை. தூண் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் 90 டிகிரியோடு விட்டுவிடுகிறார்கள், கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் யார் பார்ப்பது? பார்க்க நினைத்தால் கம்பி கட்டும் நாளிலேயே போய்ப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான் ஐயா. அடுத்த முறை 'பொதுமக்கள் வெளியே ஓடிவந்தனர்' என்று அச்சிடும்போது, மாடியில் இருப்பவர்கள் ஓடாமல் மேசைக்கடியில் இருங்கள் என்று கீழே இரண்டு வரி சேருங்கள், உதவிக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்பதையும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம், என் ராசியாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை