ஒரு மணி நேரமாவது சத்தம் கேட்கட்டும்

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும், ஆசைக்கேற்ப மாற்றிக் கட்டிய கஸ்டம் வண்டிகளுக்கும் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அரங்கில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். கால் கடுக்கக் கடுக்கப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க வந்தவன் இல்லை. ஆனால் வெளியே வந்து என் வண்டியை உதைத்தபோதுதான் உறைத்தது: காலையிலிருந்து நான் கேட்ட முதல் எஞ்சின் சத்தம் அதுதான். உள்ளே அத்தனை வண்டிகள் இருந்தும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

ஒரு ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்வின் முன்னால் வெகுநேரம் நின்றேன். எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் வந்த வண்டி. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், ஆனால் முறை வைத்து வெடிக்கும். அதனால் சத்தம் சீராக வரும். பக்கத்திலேயே ஒரு ஹார்லி. அதில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 45 டிகிரி, பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கும் இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். ஒரு வெடிப்புக்கு அப்புறம் கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது, அதற்கப்புறம் 405 டிகிரி காத்திருப்பு. அந்த நொண்டி நடைதான் அதன் தாளமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரு சிறுவன் "இது எப்படிப்பா சத்தம் போடும்?" என்று கேட்க, அவன் அப்பா வாயாலேயே "டுப்-டுப்... டுப்-டுப்" என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். பாவம், நன்றாகத்தான் செய்தார்.

உங்கள் பக்க நியாயம் தெரியும். மூடிய அரங்கில் பெட்ரோலும் புகையும் ஆகாது. டேங்கைக் காலி செய்யச் சொல்வதும் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்வதும் சரிதான். வெளியே திறந்த மைதானம் சும்மாதானே கிடந்தது? காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஐந்தைந்து வண்டியாக, தீயணைப்புக் கருவியோடு ஒருவரை நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்ய விடலாம்.

கடைசி வரிசையின் மூலையில் ஒரு பழைய புல்லட் நின்றது. டேங்கின் இருபுறமும் முட்டி உரசி உரசிப் பெயின்ட் போய், தகரம் தெரிந்தது. உரிமையாளர் பெரியவர். எப்படி ஸ்டார்ட் செய்வீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் குஷியாகிவிட்டார். கிக்கரை மெதுவாக அழுத்தி, கெட்டியாக நிற்கும் இடத்தில், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டுமாம். மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. "பலம் எதுக்கு தம்பி, நேக்கு போதும்" என்றார். பேட்டரி இணைப்பு இல்லாததால் முள் நடுவிலேயே கிடந்தது, அசையவில்லை. "இதோ, இங்கேயிருந்து நடுவுக்கு வரும்" என்று கண்ணாடியின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

நடுவர்கள் அவரிடம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பரிசு வாங்கிய வண்டியையும் பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம்கூடப் பளபளத்தது. தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைக்குக்கூட அப்படி மின்னியிருக்காது. செயினில் சொட்டு எண்ணெய் இல்லை. மாலையில் நான்கு பேர் சேர்ந்து அதை வேனுக்குள் தள்ளி ஏற்றினார்கள். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட் அடைக்கும், பிஸ்டன் ரிங் துருவேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பாலிஷுக்கு அடியில் தெரியாது.

கஸ்டம் வண்டிகளுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். ரேஸ் வண்டி போலத் தாழ்ந்த ஹேண்டில் வைத்த ஒரு கஃபே ரேசர் அருமை. தானே வெட்டி ஒட்டிய பிராக்கெட்டில் வெல்டிங் தழும்பைத் தேய்த்து மறைக்காமல் அப்படியே விட்டிருந்தார் செய்தவர். ஆனால் இன்னொன்றில் சைலன்சர் குழாய் போன வழியைப் பார்த்தால், ஏறி உட்கார்ந்தவரின் கெண்டைக்கால் வெந்துவிடும்! முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டிய ஒரு சாப்பர் வண்டியை நிறுத்த இடம் மாற்றினார்கள். திருப்ப இடம் போதாமல் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தார்கள். ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தப் பிரிவானாலும், தானாக ஸ்டார்ட் ஆகி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வராத வண்டிக்குப் பரிசு கொடுக்காதீர்கள். ஓட முடியாத அரிய வண்டிகள் இருந்தால் காட்சிக்கு மட்டும் என்று தனியாக நிறுத்துங்கள், ஆசையாகப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

அடுத்த முறை அந்தப் புல்லட் பெரியவரை மூலையில் தள்ளாமல் மைதானத்தின் ஓரமாக இடம் கொடுங்கள். முள் நடுவுக்கு வருவதை நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி வந்த ஒருவன்