கிராப்: கண்ணி விதைக்கவென்றே வடிவமைக்கப்பட்ட முதல் நீர்மூழ்கி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே. ரஷ்யாவின் ‘கிராப்’ பற்றிக் கேட்டிருந்தாய். கண்ணிவெடி இடுவதற்கென்றே உலகில் முதன்முதலாக வடிவமைக்கப்பட்ட நீர்மூழ்கி அதுதான். ஆனால் முதலில் கண்ணி இட்டது அதுவல்ல. இந்த இரண்டையும் பலர் குழப்பிவிடுகிறார்கள்.

அதை வடிவமைத்த மிகயீல் நலியோதவ் கப்பல் பொறியாளர் அல்ல, போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்பர். ரஷ்ய-ஜப்பானியப் போரில், 1904 ஏப்ரலில், ரஷ்யர்களின் கோட்டைத் துறைமுகமான போர்ட் ஆர்தர் அருகே ‘பெத்ரபாவ்லவ்ஸ்க்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜப்பானியக் கண்ணியில் சிக்கி, அட்மிரல் மகாரவோடு மூழ்கியது. எதிரியின் துறைமுக வாசலிலேயே, அவன் கண்ணில் படாமல் கண்ணி இட முடியுமா என்ற எண்ணம் நலியோதவுக்கு அங்கே பிறந்தது. அங்கேயே 25 டன் படகு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கோட்டை சரணடையும் முன் அதைத் தகர்த்துவிட வேண்டியதாயிற்று. பிறகு வரைபடங்களைப் பலமுறை மாற்றி வரைந்து, கருங்கடல் பக்கத்து நிகலாயெவ் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் 1909-இல் வேலை ஆரம்பமானது. 1912-இல் நீரில் இறங்கிய கப்பல், கடற்படையில் சேர 1915 ஆகிவிட்டது.

அவருடைய அறிவு வெளிப்படுவது கண்ணியில்தான். கனமான கண்ணிகள் பின்பக்கம் ஒவ்வொன்றாக வெளியேறினால், ஒவ்வொரு முறையும் கப்பல் இலேசாகி, முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் மேலெழும். தொட்டிகளில் நீர் ஏற்றி ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நலியோதவ், கண்ணியைக் கடலடியில் பிடித்து நிறுத்தும் நங்கூரத்துக்குள் காற்றறை வைத்து, கண்ணியும் நங்கூரமும் சேர்ந்து நீரில் எடையற்றதாக இருக்கும்படி செய்தார். கண்ணி போன இடத்தைக் கடல்நீர் நிரப்பும்போது சமநிலை அசையாது. வெளியே விழுந்த கண்ணியின் நங்கூரத்தில் நீர் ஏறும், கனத்து அடியில் இறங்கும், கண்ணி கம்பியோடு பிரிந்து குறித்த ஆழத்தில் நிற்கும்.

கப்பல் சுமக்கக்கூடிய 60 கண்ணிகளும், ஆட்கள் இருக்கும் நீர் புகாத அழுத்தக் கூட்டுக்கு வெளியே, மேற்கட்டுமானத்தின் நீர் புகும் இரண்டு நீண்ட கூடங்களில் இருந்தன. தண்டவாளத்தில் உருளைகளோடு நகரும் அவற்றை, திருகுத் தண்டு ஒன்று பின்கதவை நோக்கித் தள்ளும். அதைச் சுழற்ற 6 குதிரைத்திறன் மோட்டாரே போதும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி சுமார் 30 மீட்டர். 4 நாட் (மணிக்குச் சுமார் 7.4 கிலோமீட்டர்) வேகத்தில் சென்றால் 15 நொடிக்கு ஒரு கண்ணி வீதம், முதல் பயணத்தில் ஏற்றிய 58 கண்ணிகளுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும், 1.7 கிலோமீட்டர் வேலி அமையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்.

குறை எங்கே என்றால், அந்த எடையற்ற தன்மை நீருக்குள் மட்டும்தான். மேலே மிதக்கும்போது கூடங்களில் நீர் வடிந்துவிடும், அத்தனை கண்ணிகளின் முழு எடையும் உச்சியில் உட்காரும். சோதனையில் நிலைப்புத்தன்மை போதவில்லை. அடியில் கப்பலின் முதுகெலும்பு போன்ற கீலாக 28 டன் ஈயம் சேர்த்து, பக்கங்களில் புடைப்புகளும் பொருத்தினார்கள். அவ்வளவு பெரிய மேற்கட்டுமானம் நீர் நிரம்பத் தாமதமாகும் என்பதால் மூழ்குவதும் மெதுவே.

அதைவிடப் பெரிய தொல்லை என்ஜின். தலா 300 குதிரைத்திறனில் கெர்டிங் நிறுவனத்தின் நான்கு மண்ணெண்ணெய் என்ஜின்கள். ரஷ்யாவின் ‘மினோகா’, ‘அகூலா’ நீர்மூழ்கிகளில் டீசல் வந்துவிட்டது, இதற்கோ மண்ணெண்ணெய்தான். எரியாத ஆவி கப்பலுக்குள் கசியும், வெளியே வெண்புகை தெரியும். மறைந்து போக வேண்டிய கப்பலுக்கு இது பெருங்கேடு. பொருந்தாத தேர்வு என்றே நான் உறுதியாகச் சொல்வேன்.

இருந்தும் வேலையை முடித்தது. முதல் உலகப் போர் நடந்த 1915 ஜூலை 8 அன்று 58 கண்ணிகளோடு கருங்கடல் துறைமுகமான செவஸ்தபோலிலிருந்து கிளம்பி, 10-ஆம் தேதி மாலை துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணை வாயிலில் வேலியிட்டது. 18-ஆம் தேதி ஜெர்மனியர்கள் ஓட்டிய ‘பிரெஸ்லாவ்’ குரூசர் பாஸ்பரஸ் அருகே கண்ணியில் மோதி, 600 டன்னுக்கு மேல் நீர் புகுந்து, 1916 தொடக்கம் வரை முடங்கியது. அது ‘கிராப்’ இட்ட கண்ணி என்றே பலரும் எழுதுகிறார்கள். 1916-இல் மீண்டும் பாஸ்பரஸிலும், பிறகு பல்கேரியாவின் வார்னா அருகிலும் கண்ணி இட்டது.

கண்ணி இடுவதில் முந்திக்கொண்டது யார் என்றால், ஜெர்மனியின் யூசி (UC) வகை நீர்மூழ்கிகள். 12 கண்ணிகளைச் சாய்ந்த குழாய்களில் சுமந்த சிறிய கப்பல்கள் அவை. போரின்போது அவசரமாகக் கட்டப்பட்டு, ‘கிராப்’ போவதற்குச் சில வாரங்கள் முன்பே வேலையில் இறங்கிவிட்டன. எளிய வடிவம் என்பதால் வேகமாகக் கட்டவும் முடிந்தது. நலியோதவ் கேட்ட 60 கண்ணி என்ற அளவே ‘கிராப்’பைக் கனக்க வைத்தது, காலத்தையும் தின்றது.

ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, 1919 ஏப்ரலில், ஆங்கிலேயர்கள் அதைச் செவஸ்தபோல் அருகே மூழ்கடித்தார்கள். 1935-இல் மேலே தூக்கி உடைத்துவிட்டார்கள். ரஷ்யாவின் ‘பார்ஸ்’ வகை நீர்மூழ்கிகள் பற்றியும் கேட்டிருந்தாய், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உள்ளே தடுப்புச் சுவரே இல்லாமல் அவற்றைக் கட்டியது பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்