நான்காவது முறையாகத் தீர்க்கப்பட்ட எங்கள் புகார்

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று நேற்று மாலை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். நன்றி. அதைப் படித்தபோது மோடத்தில், இணைப்பு அறுந்ததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது ‘தீர்வு’.

புகார் எண்கள் உங்களிடமே இருப்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ‘வைஃபை கோளாறு’ என்றே பதிவு செய்கிறீர்கள். என் பக்கம் குறை இருந்தது உண்மைதான். ஒன்பது இஞ்ச் சுவர் வைத்த பழைய வீடு. மோடமோ செருப்பு அலமாரி மேல், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. கூடத்து நடுவில் உயரமாக மாற்றி வைத்தேன். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் 6-ஆம் சேனலில் முட்டிக்கொண்டிருந்தன; 11-க்கு மாறிக்கொண்டேன். அது என் பாடு, முடிந்தது. அப்புறமும் இணைப்பு அறுந்தது. வைஃபையே இல்லாமல் லேன் கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகினேன், அப்போதும் அறுந்தது. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். உங்கள் ஆட்களோ ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்கிறார்கள். வீட்டுக்குள் சுவிட்சைத் தட்டினால் தெருவில் கெட்ட கேபிள் சரியாகுமா?

என் மனைவி வீணை சொல்லிக்கொடுக்கிறார். காலை 5.30-க்கு இணையத்தில் வகுப்பு, மாணவி இருக்கும் டொராண்டோவில் அப்போது முந்தைய நாள் இரவு 8 மணி. போன வாரம் தந்தியை இழுத்து ஒரு கமகம் வாசித்துக் காட்டினார். இணைப்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. அந்தப் பத்து வயதுக் குழந்தை கேட்டதைக் கேட்டபடி திருப்பி வாசித்தாள். நடுவில் இரண்டு வெட்டு, ஒரு திக்கல், எல்லாம் அப்படியே. பாடம் அதுதான் என்று நினைத்துவிட்டாள் பாவம். என் மனைவி சிரித்தார். அடுத்த நிமிடம் இணைப்பே போனது, அப்போது சிரிக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் பாதியை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் ஆள் ஒருமுறை வந்தார், அதையும் சொல்ல வேண்டும். நல்ல பையன். கேபிளில் வரும் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 29 காட்டியது. மைனஸ் 27-க்குக் கீழே போனாலே மோடம் தடுமாறும் என்றார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் முருங்கை மரத்தில் உரசி, அணில் கடித்து, ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது. ‘புது டிராப் கேபிள் இழுக்கணும் சார், ஆபீஸ்ல சொல்றேன்’ என்று போனார். சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே புகார் மூடப்பட்டது. ஆகவே கேட்கிறேன்: டிராப் கேபிளை மாற்றித் தாருங்கள்.

இதற்கிடையில் உங்கள் விற்பனைப் பிரிவு மட்டும் தவறாமல் அழைக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்திலிருந்து 200-க்கு மாறச் சொல்கிறார்கள். ஓட்டை வாளிக்குப் பெரிய கிணற்றைக் காட்டுகிறீர்கள். 700 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 826 ரூபாய், தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடுகிறது. அந்த லைன் மட்டும் ஒருநாளும் அறுந்ததில்லை! மேல்முறையீட்டுக்குப் போக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் இடமிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். டிராப் கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகு எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புகாரை மூடுங்கள். ஏணி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வகுப்பு 6.30-க்கு முடிந்துவிடும், அதற்கப்புறம் எந்த நேரமும் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்