பழைய 44 இஞ்ச்சா, புது 24 இஞ்ச்சா

மக்களே,

உன் போட்டோ பிரிண்ட் தொழிலுக்கு வாங்க நீ அனுப்பிய பிரிண்டர் விவரம் ரெண்டையும் பார்த்தேன். ஒன்று, ஸ்டுடியோவை மூடப்போகிறவர் தருகிற எப்சன் ஸ்டைலஸ் ப்ரோ 9900, 44 இஞ்ச் அகலத் தாளில் அடிப்பது. இன்னொன்று அதே கம்பெனியின் புது பி-7500, 24 இஞ்ச். "புதுசுக்குக் கேட்கிற காசில் கால்வாசிகூட இல்லை, அகலமோ கிட்டத்தட்ட இரட்டை, அப்புறம் என்ன யோசனை அப்பா" என்று எழுதியிருக்கிறாய். யோசனை இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பழசு மட்டமான மெஷின் இல்லை. 2008-ல் அது வந்தபோது ஆரஞ்சும் பச்சையும் சேர்த்து 11 மை. அதில் பேப்பருக்கேற்ற நிறக் கணக்கை, அதுதான் புரொஃபைல், ஒழுங்காகப் போட்டு காட்டன் பேப்பரில் எடுத்த படத்தையும் புதுசில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீயும் நானும் கண்டுபிடிப்போமோ என்னவோ, கல்யாண வீட்டுக்காரர் கண்டுபிடிக்கமாட்டார். அதனால் டீலர் "குவாலிட்டி குவாலிட்டி" என்று பேசினால் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு.

விஷயம் தாளில் மையைத் தெளிக்கிற ஹெட்டில் இருக்கிறது. எப்சன் ஹெட் பீசோ வகை, மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு சன்னத் தகடுதான் மையைத் தள்ளுகிறது, மையைச் சூடாக்குவதில்லை. அதனால் ஆயுசு அதிகம், மெஷினோடு சேர்ந்தே வாழும் என்ற எண்ணத்தில்தான் உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். நாமாகக் கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை அது. போய்விட்டால் ஆள் வரவேண்டும், புது ஹெட் வரவேண்டும், அந்தச் செலவு நீ இப்போது அந்த மெஷினுக்குக் கொடுக்கிற காசைத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. கேனனிலும் எச்பியிலும் கதை வேறு. அங்கே மை சூட்டில் கொதித்துத் தெறிக்கிறது, ஹெட் தேயும், ஆனால் தேயும் என்று தெரிந்தேதான் நாமே மாற்றும்படி செய்திருக்கிறார்கள். எச்பி இசட்-3200-ல் ஆறு ஹெட், ஒவ்வொன்றிலும் ரெண்டு நிறம், கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். கேனன் ப்ரோ-4000, அது 2016-ல் வந்தது, அதில் ஹெட் ஒன்றுதான், விலை கடிக்கும், ஆனாலும் உன் கையாலேயே மாற்றலாம். 44 இஞ்ச் பழசுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றால் அந்த கேனனைத் தேடு என்பேன். பழசு என்றால் எல்லாம் ஒரே பழசு இல்லை, கேட்டியா.

அடுத்தது மை. 11 பெட்டியும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டாயா? ஸ்டுடியோவை மூடுகிறவர் புதுப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கமாட்டார். ரெண்டு மூன்று நிறம் அடியில் கிடக்கும், ஒன்றிரண்டு தேதி முடிந்திருக்கும். முழு செட் வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்து அதை மெஷின் விலையோடு கூட்டிப் பார், அந்தக் கால்வாசி எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். புதுசிலும் 12 பெட்டி இருக்கிறது, அதிலும் முதல் தடவை குழாய் நிரம்பவே கொஞ்சம் போய்விடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் செட் மெஷினோடு வருகிறது.

கறுப்பு மாற்றுவதை நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 9900-ல் பளபளக்கிற கிளாஸி தாளுக்கான போட்டோ பிளாக்கும் பளபளக்காத மேட் தாளுக்கான மேட் பிளாக்கும் ஒரே வழியாகத்தான் வரும். காலையில் கல்யாண ஆல்பம் கிளாஸியில், மத்தியானம் ஒரு ஓவியருக்கு மேட் பேப்பரில் என்று வேலை வந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் மை குப்பைத் தொட்டிக்குப் போகும், நீயும் சும்மா காத்திருக்கவேண்டும். புதுசில் ரெண்டு கறுப்புக்கும் தனித்தனி நாசில், அதாவது மை வரும் சன்னத் துளைகள். நீ ரெண்டு வேலையும் எடுக்கப்போகிறவள், புதுசு வாங்க எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதாக்கும்.

நம் கடையில் பழசுதானே ஓடுகிறது என்று கேட்பாய். ஓடுகிறது, கட்டட பிளான் அடிக்க. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆன பிறகும் இன்ஜினியர்கள் கேட்பது அதே கறுப்புக் கோடுதான், அதற்கு நாலு நிறம் போதும், வாங்கிய காசை எப்போதோ எடுத்தாயிற்று. ஹெட் வண்டியை இழுக்கிற பெல்ட் ஒரு வருஷம் பொடிப் பொடியாக உதிர்ந்தது, திறந்து பார்த்தால் தண்டவாளம் முழுக்கக் கறுப்புத் துகள், தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பெல்ட் வாங்கி மாட்டினோம், மறுபடி ஓடியது. பக்கத்திலேயே ரிப்பேர் தெரிந்த ஆளும் இருக்கிறார். அந்த மாதிரி வேலைக்குப் பழசை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

உன் நிலைமை வேறு. முதல் வருஷம் தினமும் ஆர்டர் வராது, மெஷின் நாலு நாள் சும்மா நிற்கும். எனக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, காகிதம் ஊறி ஓரம் தூக்குவதுதான் தொல்லை. உனக்கு அங்கே சென்னையில் ஏசி அறை, வறண்ட காற்று, மை காய்ந்து நாசில் அடைப்பதுதான் தொல்லையாக இருக்கும். சும்மா நிற்கிற பழைய மெஷினை எழுப்ப ஹெட் கிளீனிங் மேல் கிளீனிங் போடுவாய், அந்த மை எல்லாம் மெயின்டனன்ஸ் டேங்கில் போய்ச் சேரும், அதுவும் நிரம்பினால் அதற்கொரு செலவு.

அகலத்தைப் பற்றி. நீ பிரேம் போட்டுக் கொடுக்கிற அளவுகளை எழுதிப் பார்: 12-க்கு 18, 16-க்கு 24, 20-க்கு 30, 24-க்கு 36. எல்லாம் 24 இஞ்ச் ரோலில் முடிகிறது. அதைவிடப் பெரிசு கேட்பவர் எப்போதாவது வருவார், அவருக்கு வெளியே அடித்துக் கொடு, கமிஷன் குறைந்தாலும் பரவாயில்லை. 44 இஞ்ச்சை வைக்க அந்த அறையில் இடம் இருக்கிறதா, படியில் ஏற்ற முடியுமா என்பதையும் பார். ஏற்றும்போது சாய்த்தால் உள்ளே மை கசிந்து சர்க்யூட் வரை போகலாம்.

இவ்வளவு சொல்லியும் உன் மனசு அந்தப் பழசிலேயே கிடந்தால் சரி, ஒரு தடவை நேரில் போ. அவர் காலையிலேயே கிளீனிங் போட்டு வைத்திருப்பார், எல்லாத் துளையும் மை விடுகிறதா என்று கோடு கோடாக அடித்துக் காட்டும் அந்த நாசில் செக்கை நம்பாதே. மாலையில் ஒன்று எடுக்கச் சொல், அணைத்து வைக்கச் சொல், மறுநாள் காலை நீ நிற்கும்போது கிளீனிங் இல்லாமல் இன்னொன்று எடு. ரெண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கோடு உடைகிறது என்று தெரிந்துவிடும். மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, நீலக் கண்ணாடித்தாள் ஒன்றைப் பிடித்துப் பார், கறுப்பாகத் தெரியும். ஒரே இடத்தில் ரெண்டு நாளும் இடைவெளி இருந்தால் அது வெறும் அடைப்பு இல்லாமலும் இருக்கலாம், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. வேறு கம்பெனி மை ஊற்றினாரா என்றும் கேள், பதில் சொல்லும்போது முகத்தைப் பார்.

எது வாங்கினாலும் யுபிஎஸ் இல்லாமல் போடாதே. ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் மூடிக்குப் போய் உட்கார நேரம் இல்லை, நடுவழியில் திறந்தபடி நிற்கும், காய ஆரம்பித்துவிடும். பேங்கில் லோன் கேட்பதாக இருந்தால் புதுசுக்குத்தான் டீலர் கொட்டேஷன் கிடைக்கும், ஜிஎஸ்டி பில்லும் கிடைக்கும், நீ பதிவு எடுத்திருந்தால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுது, அம்மா சீட்டு பங்குனியில் முடிகிறது, அதிலிருந்து கொடுக்கலாம் என்கிறாள்.

அப்பா