பக்கத்து இருக்கையில் இருந்தவர்களுக்கு

அன்புள்ள மாஷ், சேச்சி, அண்ணாச்சி, பெயர் கேட்டுக்கொள்ளாமலே பிரிந்துபோன நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். 2013 டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து காலைப் பாசஞ்சரில் ஏறி, கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்காகத் திருவனந்தபுரத்தில் முதன்முறையாக இறங்கியபோது, மலையாளப் படம் என்றால் எனக்கு மம்மூட்டியும் மோகன்லாலும்தான். ஆசியப் படம் என்றால் ஜாக்கி சான்தான். களியக்காவிளையைத் தாண்டினால் அடுத்த மாநிலம் என்றிருக்கும் ஊர்க்காரனான நான் மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் ஒரு படத்தைக்கூட அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து இன்றுவரை நான் பார்த்த நல்ல படங்கள் எவற்றையும் நானாகக் கண்டடையவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் என் கையில் கொடுத்திருக்கிறார், அல்லது என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு நான் வாய்விட்டு நன்றி சொன்னதே இல்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி சேச்சிக்கு. நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கில சப்டைட்டிலில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வரியைப் பார்த்தால் நடிகரின் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் வரி போய்விடும். தம்பானூர் கைரளி தியேட்டரில் ஓர் ஈரானியப் படத்தின் நடுவில், இது நமக்கான இடமில்லை என்று முடிவுகட்டி எழுந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த நீங்கள்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "எல்லா வரியும் வாயிக்கண்ட மோனே, முகம் நோக்கு" என்றீர்கள். எல்லா வரியையும் படிக்க வேண்டியதில்லை என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மிகவும் தேவையான இடங்களில் மட்டும் உங்கள் திருவனந்தபுரத்துத் தமிழில் இரண்டு சொல் காதோரம் சொன்னீர்கள். அந்த ஆண்டு தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக் விழாவுக்கு வந்திருந்ததால் ஊரே அவர் பின்னால் திரண்டிருந்தது; அந்தக் கூட்டத்துக்குள் ஓடப் பார்த்த என்னை, "அவரைப் பிறகு பார்க்கலாம், முதலில் இந்தப் படத்தைப் பார்" என்று வேறொரு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவரும் நீங்கள்தான்.

அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தவர் மாஷ்; மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது, மாஷ். ஷாஜி என். கருண் 1988-இல் இயக்கிய 'பிறவி' டிவிடியை, முன்பின் தெரியாத ஒருவனை நம்பி, திருப்பித் தரும் நாள்கூடக் கேட்காமல் கொடுத்தீர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் கொல்லப்பட்ட பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனின் வழக்குதான் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்ன நீங்கள், அதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காதே என்றும் சொன்னீர்கள். படத்தில் காவல் நிலையத்தின் கொடுமைகள் எதுவும் காட்டப்படுவதில்லை. மகன் வருவான் என்று ஒவ்வொரு நாளும் ஆற்றைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருக்கும் முதியவராக மலையாள நடிகர் பிரேம்ஜி இருக்கிறார், மழை இருக்கிறது, துடுப்பின் ஓசை இருக்கிறது. அவர் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டின் இருட்டு கொஞ்சம் கூடுவதைப் பார்த்தபோது, காட்டாமல் விட்டதற்குத்தான் எத்தனை கனம் என்று எனக்குப் புரிந்தது.

ஓராண்டு கழித்து நீங்களே பிரசன்ன விதானகேயின் சிங்களப் படமான 'புர ஹந்த களுவர'வையும் பார்க்கச் செய்தீர்கள். போரில் இறந்ததாகச் சொல்லி மூடி முத்திரையிட்ட சவப்பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவைத்த பிறகும், மகன் சாகவில்லை என்று நம்பி, இழப்பீட்டுத் தாளில் கையெழுத்திட மறுக்கும் பார்வையற்ற தந்தையாக ஜோ அபேவிக்ரம நடித்த படம் அது. 2000-இல் இலங்கை அரசு அதைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே இலங்கையில் திரைக்கு வந்தது. காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத இந்த இரண்டு தகப்பன்மாரும் கேரளத்தில் ஓர் ஆற்றங்கரையிலும் இலங்கையில் ஒரு வறண்ட கிராமத்திலும் இருப்பவர்கள். என் மனதில் அவர்கள் ஒரே திண்ணையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். போரின் மறுபக்கத்தில் நிற்கும் ஒரு தமிழ்த் தகப்பனும் அதே திண்ணைக்கு உரியவர் என்று அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

அண்ணாச்சிக்கு வருகிறேன். வடசேரிப் பக்கம் நீங்கள் நடத்திவந்த டிவிடி வாடகைக் கடை இன்று இல்லை. அங்கே புதுப்பட வரிசைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் ஜப்பானிய இயக்குநர் ஒசுவையும் ஈரானின் கியாரொஸ்தமியையும் தைவானின் ஹோ சியோ-சியனையும் வைத்திருந்தீர்கள். 'டோக்கியோ ஸ்டோரி'யைக் கொடுக்கும்போது, "வேலை கெடக்குத அன்னைக்குப் பாக்காத, சும்மா இருக்குத அன்னைக்குப் பாரு" என்று மட்டும் சொன்னீர்கள். ஒசு 1953-இல் எடுத்த அந்தப் படத்தில், மனைவி இறந்த விடியற்காலையில் வெளியே தனியாக நிற்கும் முதியவர், தேடிவந்த மருமகளிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். என் அப்பா இறந்த அன்று காலை, "மோட்டாரை அணைத்தாயா" என்று அம்மா கேட்டபோது, இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று நான் அவளிடம் சீறினேன். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்பதை ஒரு ஜப்பானியக் கிழவர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். படம் முடிந்தபோது இரவு பதினொன்று. அப்போதே அம்மாவுக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி, அந்தப் போனுக்காக உங்களுக்கு நன்றி.

மலையாளப் படங்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் "யதார்த்தமாக இருக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்கு உணர்த்தியவர்கள், என்னோடு வேலை பார்த்த கொச்சிக்காரத் தம்பிகள் இருவர். 'ஈ.ம.யௌ.' படத்தில் செல்லானத்துக் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் பேசும் மலையாளமும், 'மகேஷின்றெ பிரதிகாரம்' படத்தில் இடுக்கி மலைக்காரர்கள் பேசும் மலையாளமும் எப்படி வேறுபடுகின்றன என்று வரிவரியாக நிறுத்திக் காட்டினார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்ததால் எனக்கு மலையாளம் தெரியும் என்று எண்ணியிருந்தேன். தெரிந்தது ஒரு ஊரின் மலையாளம் மட்டும்தான். மலையாள சினிமாவின் பலம் ஊரைக் காட்டுவதோடு நின்றுவிடாமல் ஊரின் நாக்கைக் கேட்பதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அதே காது தமிழுக்கும் கிடைத்த படம் என்பதால்தான் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' எனக்கு அவ்வளவு நெருக்கமானது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஜேம்ஸ், தங்கும் விடுதியில் "உறங்கு வதுபோலும் சாக்காடு" என்ற குறளைப் பார்த்து அதற்குப் பொருள் கேட்கிறார். பிறகு வழியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் சுந்தரம் என்ற தமிழராகவே நுழைந்துவிடுகிறார். தெருவெங்கும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் காற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. தமிழரை மலையாளப் படங்களும் மலையாளியை நம் படங்களும் எத்தனையோ ஆண்டுகள் கேலிக்குரியவர்களாகவே காட்டி வந்த பிறகு, ஒருவர் மற்றவராகவே விழித்தெழும் படம் ஒன்று வந்ததை எல்லையோரத்துக்காரனாகிய நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

என் மனைவிக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். 2021-இல் ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தைச் சேர்ந்து பார்த்தோம். ஒழுகும் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடும்படி அந்தப் பெண் கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, என் மனைவி எழுந்து போய் எங்கள் தொட்டியின் கீழே வைத்திருந்த வாளியை மாற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். எங்கள் குழாய் அப்போது மூன்று வாரமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நல்ல சினிமா பார்ப்பவன் என்று நான் கொண்டிருந்த பெருமை அந்த வாளியின் முன் நிற்கவில்லை. அவள் அன்று எதுவும் சொல்லாததற்கும், பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னதற்கும் நன்றி.

இன்னும் பலர் இருக்கிறார்கள்: கடைசிக் காட்சிக்குப் பின் ரயிலைத் தவறவிட்ட இரவில் வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் தந்த வழுதக்காட்டுக் குடும்பத்தார், நிரம்பிய அரங்கில் தரையில் உட்கார அனுமதித்த தன்னார்வ மாணவர்கள், படம் பாதியில் நின்றபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்டிய ஆபரேட்டர். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருந்து சப்டைட்டில் எழுதி, அதில் தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாதவர்களையும் இங்கே வணங்குகிறேன்.

மாஷ், 'பிறவி' டிவிடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உறை ஓரத்தில் சற்றுக் கிழிந்துவிட்டது, ஒட்டியிருக்கிறேன். டிசம்பரில் கைரளிப் படிக்கட்டில் கொண்டுவந்து தருகிறேன்.

மிகுந்த அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து உங்கள் தம்பி