காம்பு எங்கே என்று பார்

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் இதய அறுவைப் பிரிவில் சேருகிறாய் என்று அம்மா சொன்னாள். ஒரு விஷயத்தை இப்போதே எழுதி வைக்கிறேன்.

எக்கோ ஸ்கேனில் இடது ஏட்ரியத்தில், அதாவது இதயத்தின் இடது மேலறையில், கட்டி தெரிந்தால் எல்லார் வாயிலும் ‘மிக்சோமா’ (புற்றல்லாத கட்டி) என்றுதான் வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் கட்டி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பெயரைச் சொல்லாதே. மிக்சோமா வழக்கமாக இரண்டு ஏட்ரியங்களுக்கும் நடுச்சுவரில், ஃபோசா ஓவாலிஸ் என்ற குழிவின் பக்கம், காம்போடு தொங்கும். அகன்ற அடியோடு பின்சுவரில் அப்பியிருந்தாலோ நுரையீரல் சிரைக்குள் நுழைந்திருந்தாலோ சார்கோமா என்ற புற்றைச் சந்தேகப்படு. உணவுக்குழாய் வழி எக்கோ, காடோலினியம் என்ற நிறமூட்டும் மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ., பரவலைப் பார்க்க மார்பு சி.டி., பெட் ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகே கத்தியைத் தொடு. மிக்சோமா என்று நம்பித் திறந்து, சார்கோமாவைச் சுரண்டிவிட்டு மூடினால் மிச்சம் மறுபடி வளரும். அடுத்த முறை, பழைய அறுவையால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

கட்டி இதயத்தின் வலப்பக்கம் வந்தால் ஆஞ்சியோசார்கோமாவை (ரத்தக்குழாய்த் திசுவின் சார்கோமாவை) நினை. இதய உறையில் ரத்தம் கலந்த நீர் கோக்கும். நீரில் புற்றணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதே, பலருக்கு அப்படித்தான் வரும். இங்கே சிரை வழியாக பயாப்ஸி எடுக்கலாம். இடப்பக்கத்தில் துணுக்கு பிய்ந்தால் மூளைக்குப் போய்விடும். லிம்ஃபோமா (நிணநீர் அணுக்களின் புற்று) என்று தெரிந்தால் வைத்தியம் கீமோதான். வலப்பக்க சார்கோமாவுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் அறுவைக் குழு டாக்ஸோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகளை முதலில் கொடுத்துச் சுருக்கிவிட்டு எடுக்கிறது.

அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாயை, கட்டி உள்ள ஏட்ரியம் வழியாகச் செருகாதே. மேல் பெருஞ்சிரையில் உயரமாகப் போடு, கீழுக்குத் தொடைச் சிரை. வலது கரோனரி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனி) கட்டிக்குள் புதைந்திருந்தால் அதையும் சேர்த்து வெட்டி, வெட்டிய இடத்துக்கு அப்பால் கால் சிரையால் பைபாஸ் தை. போன சுவருக்கு மாட்டு இதயவுறைத் துண்டு.

பின்சுவர் சார்கோமாதான் பெரிய சோதனை. இதயம் உள்ளே இருக்கும்வரை அங்கே கை போகாது. இதயத்தையே வெளியே எடுத்து, கட்டியை வெட்டி, திரும்பத் தைப்பதை 1985இல் அமெரிக்க இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி முயன்றார். 1998இல் இன்னொரு அமெரிக்க நிபுணர் மைக்கேல் ரியர்டன் இடது ஏட்ரியச் சார்கோமாவுக்குச் செய்து வென்றார். திரும்பத் தைக்கும்போது இடது ஏட்ரியம் முதலில். எல்லாம் இணைந்த பிறகு அந்தத் தையலில் ரத்தம் கசிந்தால் எட்ட வழியில்லை, அதனால் ஒவ்வொரு தையலையும் போடும்போதே இழுத்துப் பார். கூடவே நுரையீரலையும் எடுக்க நேர்ந்தால் ஆபத்து மிகவும் ஏறிவிடும். அதை முன்னாலேயே குடும்பத்திடம் சொல்.

எடுத்த கட்டியின் ஓரங்களுக்கு நூல் கட்டி, எது எந்தப் பக்கம் என்று எழுதி நோயியல் பிரிவுக்கு அனுப்பு. ரிப்போர்ட் வந்ததும் ஓரத்தில் புற்றணு இருக்கிறதா என்பதை முதலில் படி.

அன்புடன்,
அப்பா