தருமபுரி ஓவியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஓவிய ஆசிரியர்களே, போர்டு எழுதும் தோழர்களே, ஸ்கிரீன் பிரிண்டிங் நடத்தும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, அடையாள அட்டை பற்றிய விவரம் பின்னிணைப்பில் உள்ளது. சென்ற பொதுக்குழு ஏற்றுக்கொண்ட ஆய்வுப் பொருளான ஆண்டி வார்ஹோல், ழான்-மிஷேல் பாஸ்கியா இருவரின் நட்பும் புகழும் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூயார்க் ஓவியர்கள் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஒருவர் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர், ஸ்கிரீன் அச்சில் பெயர் வாங்கியவர். இன்னொருவர் தெருச் சுவரில் எழுதித் தொடங்கியவர். சேலம் சாலைச் சுவர்களில் எழுத்தும் சின்னமும் வரைந்த கைகளுக்கும், மஞ்சப்பைக்கு அச்சடிக்கும் கைகளுக்கும் இவர்களைவிட நெருக்கமான நவீன ஓவியர்கள் இல்லை என்பது சங்கத்தின் கருத்து.

1982 அக்டோபர் 4 அன்று, ஓவிய வணிகர் புரூனோ பிஷோஃப்பெர்கர் பாஸ்கியாவை வார்ஹோலின் கூடத்துக்கு மதிய உணவுக்கு அழைத்துச் சென்றார். வார்ஹோலுக்கு வயது 54, பாஸ்கியாவுக்கு 21. முன்பே ஒருமுறை ஓர் உணவகத்தில் வார்ஹோலிடம் அஞ்சலட்டை விற்ற பையன்தான் இவர். இருவரும் சேர்ந்து போலராய்டு படம் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்கியா சாப்பிட உட்காராமல் கிளம்பிப் போனார். இரண்டு மணி நேரத்துக்குள், ஏறத்தாழ ஐந்தடிச் சதுரத்தில் இருவர் முகத்தையும் வரைந்த ‘தோஸ் கபேஸாஸ்’ (இரு தலைகள்) ஈரம் காயாமல் வந்து சேர்ந்தது. பதிலுக்கு வார்ஹோல் அதே ஆண்டில் பாஸ்கியாவின் முகத்தை ஸ்கிரீனில் அடித்தார். அதன் தரைப்பூச்சு செம்புத்தூள் கலந்தது. அதில் சிறுநீர் பட்டு, செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவதுபோலப் பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக மாறியிருக்கிறது. 1983-ல் பாஸ்கியா கிரேட் ஜோன்ஸ் தெருவில் வார்ஹோலுக்குச் சொந்தமான கட்டடத்தில் வாடகைக்குக் குடியேறினார்.

கூட்டு ஓவியத்தில் முதலில் மூன்று பேர். மூன்றாமவரான பிரான்செஸ்கோ கிளெமென்டே நமக்கு அந்நியர் அல்ல. சென்னையில் தங்கி வேலை செய்தவர், பாண்டிச்சேரிக் கைக்காகிதத்தில் வரைந்தவர். ஒருவர் கூடத்திலிருந்து இன்னொருவர் கூடத்துக்குக் கேன்வாஸ் போய்வந்து 15 ஓவியங்கள் ஆயின. பிறகு 1984, 85-ல் வார்ஹோலும் பாஸ்கியாவும் மட்டும் தொடர்ந்தார்கள். மொத்தம் சுமார் 160 ஓவியங்கள் என்று கணக்கு.

அவர்கள் முறை எளிது. வார்ஹோல் முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைப்பார்: கம்பெனிச் சின்னம், செய்தித்தாள் தலைப்பு, விலைப்பட்டி. புரொஜெக்டரில் பெரிதாக்கிக் கோடு இழுத்து, தட்டையான வண்ணம் நிரப்புவார். நாம் கட்டம் போட்டுப் பெருக்குவது போன்ற வேலைதான். பாஸ்கியா அதன்மேல் முகம், எலும்பு, பல், சொல் எழுதுவார். எழுதிய சொல்லை அடிப்பார். அடித்த சொல்லைத்தான் கண் தேடிப் படிக்கும், அதனால் அடிக்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம்.

‘ஆர்ம் அண்ட் ஹாம்மர்’ ஓவியத்தைப் பெரிய திரையில் போட்டு நெடுநேரம் பார்த்தோம். சமையல் சோடாக் கம்பெனியின் வட்டச் சின்னம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. வலதுபுறத்தில் சுத்தியல் பிடித்த கை அப்படியே இருக்கிறது. இடதுபுறத்தில் கையை மறைத்து, சாக்ஸபோன் ஊதும் ஒரு கறுப்பர். வட்டம் நாணயமாகிவிட்டது; 1955 என்ற ஆண்டு எழுதியிருக்கிறது. ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் இறந்த ஆண்டு அது. உழைக்கும் கை யாருடையது, காசில் யார் முகம் வரும் என்ற கேள்வி ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. வலதுபுறச் சின்னம் கைபடாமல் இருப்பதால்தான் இடதுபுறம் பேசுகிறது. கூட்டாளி எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை.

இதை ஒட்டி நடந்த செய்முறைப் பயிற்சியில் கண்டவற்றைப் பதிவு செய்கிறேன். புகைப்படத்தைப் பெரிய புள்ளியாக மாற்றி, அங்குலத்துக்கு 25 வரிசை வைத்தால் 110 மெஷ் (அங்குலத்துக்கு 110 இழை உள்ள வலைத்துணி) போதும். மெஷ் எண் வரிசை எண்ணின் நான்கு மடங்குக்குக் கீழே போனால் புள்ளி உடையும். முதலில் முகத்தின் வெளிக்கோட்டைக் கேன்வாஸில் எடுத்து, உதடு, கண்ணிமை, முடி எனத் தட்டை வண்ணம் பூசிக் காயவிட வேண்டும். கடைசியில்தான் கறுப்பு ஸ்கிரீன். இரண்டும் சற்று விலகி விழுவது வார்ஹோலிடம் அழகு. மஞ்சப்பையில் அது ரிஜெக்ட். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மை தள்ளும் ரப்பர்க் கட்டையான ஸ்க்வீஜியை 75 டிகிரி சாய்வில் ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். ஸ்கிரீனில் படம் பதிக்கும்போது வெளிச்சம் குறைந்தால், கழுவுகையில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டு இறுகும் பூச்சு) உரிந்து வரும். கூடினால் நுண்ணிய கோடு திறக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் அக்ரிலிக் மை மெஷிலேயே காய்ந்துவிடுகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து, ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஸ்கிரீன்மேல் மெல்லிய மையைப் பரப்பி வைத்தால் தப்பிக்கலாம். இரண்டு பேர் மாறி மாறி வரையும்போது முக்கியமான விதி: அக்ரிலிக் முதலில், ஆயில் ஸ்டிக் (எண்ணெய் வண்ணக் குச்சி) பிறகு. மாறினால் மேல்பூச்சு சில மாதங்களில் உரியும்.

புகழைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1985 பிப்ரவரியில் பாஸ்கியா நியூயார்க் டைம்ஸ் இதழின் அட்டையில் வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டோனி ஷஃப்ராசி கேலரியில் 16 கூட்டு ஓவியங்கள் வைக்கப்பட்டன. விளம்பரச் சுவரொட்டியில் இருவரும் குத்துச்சண்டைக் கையுறையோடு நின்றார்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் பாஸ்கியாவை வார்ஹோலின் அலங்காரப் பொம்மை என்ற பொருள்பட எழுதியது. நட்பு அதோடு ஆறிப்போனது. அந்த விமர்சனம் தவறு என்றே சங்கம் கருதுகிறது. பல ஆண்டுகள் ஸ்கிரீனையே நம்பியிருந்த வார்ஹோல் மறுபடி தூரிகை பிடித்தது இந்தப் பையனால்தான்; பாஸ்கியா ஸ்கிரீன் அச்சைத் தன் ஓவியத்துக்குள் ஆழமாகக் கொண்டுவந்ததும் இந்தக் காலத்தில்தான். கற்றது இருபக்கமும்.

வார்ஹோல் 1987 பிப்ரவரி 22-ல் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். பாஸ்கியா மரக்கதவுப் பலகைகளைக் கீல் போட்டு இணைத்து ‘கிரேவ்ஸ்டோன்’ (கல்லறைக் கல்) என்ற நினைவு ஓவியம் செய்தார். 1988 ஆகஸ்ட் 12-ல், 27 வயதில், ஹெராயின் அவரையும் கொண்டுபோனது. 2017-ல் அவருடைய 1982 ஓவியம் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கும், 2022-ல் வார்ஹோல் வரைந்த நடிகை மர்லின் மன்றோ படம் 19 கோடியே 50 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. இந்த ஏலத் தொகையில் ஓவியர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை. நம் உறுப்பினர்கள் வேலை விற்கும்போது தேதி, பொருள், யார் எந்தப் பகுதியை வரைந்தது என்பதை எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை ஒப்புதலுக்கு வைக்கிறேன். போர்டு எழுதும் ஒருவரும் ஓவிய ஆசிரியர் ஒருவரும் இணையாக ஒரே கேன்வாஸில் வேலை செய்யும் திட்டம். முதல் கை வைப்பது யார் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யட்டும். அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்களை, உரிய அனுமதியோடு, பல கைகள் சேர்ந்த வேலை என்ற நோக்கில் பார்த்துவருவது. சங்கத்துக்குச் சொந்தமாக 110 மெஷ்ஷில் பெரிய ஸ்கிரீன் பிரேம் ஒன்றும், வெயில் புகாத அலமாரி ஒன்றும் வாங்குவது. பிரேமை எடுப்பவர் மை காயுமுன் கழுவித் திருப்பித்தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்